பழைய சர்வரில் எதைப் புதுசாக்கலாம்?

ஒரு பாத்திரமாக மாறி ஆடும் பழைய ஆன்லைன் ஆர்.பி.ஜி. கேம்களுக்குத் திரும்பிப் போக நினைப்பவர்கள் பெரும்பாலும் மூன்றில் ஒன்றில்தான் வந்து நிற்பார்கள்: எவர்குவெஸ்ட் என்ற கேமை ரசிகர்களே 2009 முதல் இலவசமாக நடத்திவரும் ப்ராஜெக்ட் 1999, வாவ் கிளாசிக் (வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டின் பழைய வடிவம்), ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப். மூன்றும் பழசுதான். ஆனால் எந்தக் கஷ்டத்தை அப்படியே விடுவது, எதைச் சுலபமாக்குவது என்பதில் மூன்றும் மூன்று திசை.

ப்ராஜெக்ட் 1999 ரொம்பக் கறார். கேமுக்குள் மேப் கிடையாது. செத்தால் போட்டிருந்த கவசம், பை எல்லாம் பிணத்தோடு அங்கேயே கிடக்கும். வெறுங்கையோடு ஓடிப்போய் எடுக்க வேண்டும். குகையின் அடியில் செத்துவிட்டால் தனியாக ஒன்றும் செய்ய முடியாது. இன்னொருவர் பெயரைப் போட்டு 'கன்சென்ட்' கொடுத்தால், அவர் உங்கள் பிணத்தை வாசல்வரை இழுத்துவந்து போடுவார். முன்பின் தெரியாத ஒருவர் அரைமணி நேரம் செலவழித்து அதைச் செய்யும்போது அவர் பெயர் மனதில் நின்றுவிடுகிறது. இந்தக் கஷ்டத்தை எடுத்துவிட்டால் அந்த உறவும் போய்விடும்.

வியாபாரமும் அப்படித்தான். அங்கே கிழக்கு காமன்லேண்ட்ஸ் சுரங்கப்பாதையில் உட்கார்ந்து கூவித்தான் விற்க வேண்டும். ரூன்ஸ்கேப்பிலும் முதலில் வங்கி வாசலில் நின்று கூவினார்கள். 2007 ஆகஸ்ட் பேக்கப்பை வைத்து 2013-இல் திறந்த சர்வர் அது. புதிதாக எது வந்தாலும் வாக்கெடுப்பில் 75 சதவீதம் தேற வேண்டும் என்று வைத்தார்கள் (பிறகு 70 ஆனது). 2015-இல் கூவாமலே வாங்கி விற்கும் சந்தையான கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் அப்படி ஓட்டு வாங்கித்தான் வந்தது. வங்கி வாசல் கூட்டம் கலைந்தது எனக்கு வருத்தம்தான். ஆனால் வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம் விளையாடுபவர், அதில் முக்கால் மணி நேரம் ரூன் கற்களுக்கு விலை பேச முடியுமா? யாரிடமும் எதையும் வாங்காமல் ஆட நினைப்பவருக்கு அயர்ன்மேன் என்ற தனி முறை இருக்கிறது. ஆட்டக்காரர்களே ஓட்டுப் போட்டு முடிவெடுப்பதால் இந்த வழிதான் எனக்கு நியாயமாகப் படுகிறது.

வாவ் கிளாசிக் 2019-இல் வந்தபோது விதிகள் 2006-இன் 1.12 பேட்ச்சை (அப்டேட்டை) ஒட்டியவை. ஆனால் ஆட்டக்காரர்களின் அறிவு 2019-உடையது. திறந்த ஒரு வாரத்துக்குள் மோல்டன் கோர் என்ற பெரிய குழுச் சவால் முடிந்துவிட்டது. விதியைப் பழசாக வைத்தால் அனுபவமும் பழசாகவே வரும் என்று நம்புவது தப்பு.

டன்ஜனுக்குள் (அரக்கர்கள் நிறைந்த குகைக்குள்) போக ஆள் தேடிக் கூவுவது, நடந்தே போவது, வார்லாக் என்ற மந்திரவாதியோடு இன்னும் இரண்டு பேர் சேர்ந்து மற்றவர்களை வரவழைப்பது, இவைதான் அந்த கேமின் உயிர். ஆள் சேர்த்துத் தரும் டன்ஜன் ஃபைண்டர் அங்கே வரவே கூடாது. மாறாக, 2024 நவம்பரில் திறந்த ஆண்டுவிழா சர்வர்களுக்குக் கொண்டுவந்த, இரண்டு திறன் அமைப்புகளை வைத்து மாற்றிக்கொள்ளும் டூயல் ஸ்பெக்கை மனதார வரவேற்கிறேன். முன்பு டேலன்ட் (திறன் தேர்வு) மாற்றுவதற்கே ஒவ்வொரு முறையும் 50 தங்கம்வரை போகும். இப்போது மற்றவர்களைக் குணப்படுத்தும் ஹீலர் தனியாகவும் லெவல் ஏற்றலாம், கூப்பிட்டால் குழுவுக்கும் வரலாம். குழுவுக்கு ஆள் கூடுகிறதே!

தினம் ஒரு மணி நேரம்தான் என்றால் ரூன்ஸ்கேப். 2018 முதல் போனிலும் ஓடுகிறது. நண்பர்கள் நாலு பேர் சேர்ந்தால் வாவ் கிளாசிக். நேரமும் பொறுமையும் இருந்தால் ப்ராஜெக்ட் 1999. முதல் நாளே அந்தச் சுரங்கப்பாதைக்குப் போய்ப் பாருங்கள். புதுமுகம் என்று தெரிந்ததும் பழைய ஆட்கள் ஒரு வாளையோ கவசத்தையோ கையில் கொடுத்துவிட்டுப் போவதுண்டு.