ஜப்பான் கப்பா, அரிமா கினென்னா?

ஜப்பான் குதிரைப் பந்தயங்களில் வருடத்துக்கு ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் எதைப் பார்ப்பது? நவம்பர் கடைசி ஞாயிறு டோக்கியோ மைதானத்தில் நடக்கும் ஜப்பான் கப், டிசம்பர் கடைசியில் நகயாமா மைதானத்தில் நடக்கும் அரிமா கினென், போட்டி இந்த இரண்டுக்கும்தான். இப்போது இரண்டிலும் முதல் பரிசு 50 கோடி யென். தூரமும் 2,400 மீட்டர், 2,500 மீட்டர் என்று கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனாலும் ஒன்றில் அசத்திய குதிரை மற்றதில் காணாமல் போயிருக்கிறது. காரணம் மைதானம்.

டோக்கியோவில் கடைசி நேர்பாதை 525.9 மீட்டர். நடுவில் ஒரு ஏற்றம், அதைத் தாண்டியும் 300 மீட்டர் மிச்சம் இருக்கும். பின்னால் வரும் குதிரைக்கும் நேரம் உண்டு, வேகம் இருந்தால் ஜெயித்துவிடலாம். நகயாமாவில் நேர்பாதை வெறும் 310 மீட்டர், அங்கே வந்து சேர்வதற்குள் ஆறு வளைவுகளைக் கடந்திருக்க வேண்டும், முடிவுக்குச் சற்று முன் செங்குத்தான மேடு வேறு. கடைசி வளைவில் பின்தங்கியிருந்தால் எவ்வளவு வேகம் இருந்தும் பிடிப்பது கஷ்டம்.

ஆல்மண்ட் ஐயைப் பாருங்கள். 2018 ஜப்பான் கப்பை 2 நிமிடம் 20.6 விநாடியில் ஓடி உலகையே வாய்பிளக்க வைத்த பெண்குதிரை, 2020-லும் அங்கே ஜெயித்தது. இடையில் 2019 அரிமாவில் ஃபேவரிட்டாக இறங்கி 9-ஆவது இடம். ஹார்ட்ஸ் க்ரை கதை இதற்கு நேரெதிர். 2005 ஜப்பான் கப்பில் பின்னாலிருந்து பாய்ந்து வந்து வெளிநாட்டுக் குதிரை அல்காசெட்டிடம் மூக்கு நுனியில் தோற்றது. அடுத்த மாதமே அரிமாவில் ஜாக்கி லெமேர் அதை முன்வரிசையிலேயே ஓட்டினார், அதுவரை தோல்வியே அறியாத டீப் இம்பாக்ட்டால் எட்டிப்பிடிக்க முடியவில்லை.

உலகக் குதிரைகளோடு மோதிப் பார்க்கத்தான் 1981-இல் ஜப்பான் கப்பைத் தொடங்கினார்கள். உள்ளூர்க் குதிரை ஜெயிக்க நான்காவது பந்தயம் வரை ஆனது. அப்புறம் நிலைமை தலைகீழாகி, 2005-க்குப் பிறகு வெளிநாட்டுக் குதிரை ஜெயிக்க 2025-இல் பிரான்சிலிருந்து கலந்தகான் வரவேண்டியிருந்தது, அதுவும் ஆல்மண்ட் ஐயின் சாதனையை முறியடித்து. யார் நிஜமாகவே வேகமானவர் என்பதைத் தெரிந்துகொள்ள இதைவிட நேர்மையான பந்தயம் ஜப்பானில் இல்லை என்பேன்.

ஆனால் என் ஓட்டு அரிமாவுக்குத்தான். 1956-இல் தொடங்கியதிலிருந்தே ரசிகர்கள் வாக்களித்துக் குதிரைகளைத் தேர்ந்தெடுக்கும் பந்தயம் இது, அதனால் மக்கள் யாரை நேசிக்கிறார்களோ அவர்கள் ஓடுவார்கள். 1990-இல் ஒகுரி கேப் ஜப்பான் கப்பில் 11-ஆவதாக வந்து, முடிந்துபோன குதிரை என்று எல்லோரும் முடிவுகட்டியிருந்த நேரம். கடைசிப் பந்தயமாக அரிமாவில் இறங்கியது. முதுகில் 21 வயது யுதாகா தகே, மைதானத்தில் 1,77,779 பேர். ஜெயித்தே விட்டது! மொத்தக் கூட்டமும் "ஒகுரி, ஒகுரி" என்று கத்தியதை இன்றைக்கு வீடியோவில் கேட்டாலும் எனக்குச் சிலிர்க்கிறது. இந்த மாதிரி ஒன்றை ஜப்பான் கப் எனக்குத் தந்ததில்லை.

சரி, அரிமா பார்க்க உட்கார்ந்தால் முதலில் கேட் எண்ணை, அதாவது குதிரை எந்தத் தடுப்பிலிருந்து கிளம்புகிறது என்பதைப் பாருங்கள். கிளம்பியவுடனே வளைவு வந்துவிடுவதால் 14, 15, 16 போன்ற வெளிக் கேட் கிடைத்த குதிரை கூடுதல் தூரம் சுற்றவேண்டும், எவ்வளவு பெரிய ஃபேவரிட்டாக இருந்தாலும் அதை நம்ப நான் யோசிப்பேன்.