நான்கு வருடங்களாக இயற்கைப் பொருட்களால் வீடு சுத்தம் செய்கிறேன்: எது நிலைத்தது, எதை விட்டேன்

குளியலறை கழுவும் ஆசிட்டின் நெடி தாங்காமல் ஒருநாள் இருமிக்கொண்டே வெளியே வந்து உட்கார்ந்தேன். அன்றைக்குத்தான் கடை பாட்டில்களை நிறுத்துவது என்று முடிவெடுத்தேன். நான்கு வருடங்கள் ஓடிவிட்டன. முதல் வருடத்தில் மனம் வெறுத்து, சில மாதங்கள் பழைய பாட்டில்களுக்கே திரும்பிப் போனதும் உண்டு. நான் செய்த தவறுகள்தான் காரணம், பொருட்கள் அல்ல.

பெரிய தவறு, வினிகரையும் சமையல் சோடாவையும் கலந்து ஸ்ப்ரே பாட்டிலில் வைத்துக்கொண்டது. ஊற்றியதும் புசுபுசுவென்று பொங்குவதைப் பார்த்தால் அழுக்கெல்லாம் பெயர்ந்து வருவது போலத் தோன்றும். ஆனால் வினிகர் அமிலம், சோடா காரம். இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் வேலையை மற்றது கெடுத்துவிடும். பொங்கி வெளியேறுவது கரியமில வாயு. மிஞ்சுவது சோடியம் அசிடேட் என்ற உப்பு கரைந்த தண்ணீர். அதைத்தான் இரண்டு மாதம் அடுப்பு மேடையில் தெளித்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். பிசுக்கு அப்படியே இருந்தது.

இது புரிந்த பிறகு எல்லாம் பிடிபட்டது. உப்புக் கறைக்கு அமிலம், எண்ணெய்ப் பிசுக்குக்குக் காரம். எந்த அழுக்கு என்று பார்த்துவிட்டுத்தான் இப்போது பாட்டிலையே எடுக்கிறேன்.

உப்புத் தண்ணீர் வரும் வீட்டில் குழாய், ஷவர், கெட்டில் எல்லாவற்றிலும் வெள்ளையாகப் படிவது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதற்கு நான் வினிகரை விட்டுவிட்டு சிட்ரிக் ஆசிட் தூளுக்கு மாறிவிட்டேன். நெடி இல்லை, கொஞ்சம் தூளே நிறைய நாள் வரும். கெட்டிலில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி போட்டுக் கொதிக்கவிட்டு, அரை மணி நேரம் கழித்துக் கொட்டி, இரண்டு முறை அலசுவேன். குழாய்க்கு, அதே கரைசலில் நனைத்த துணியைச் சுற்றி இருபது நிமிடம் விட்டால் போதும். தேய்ப்பதைவிட ஊறவைப்பதுதான் இங்கே வேலை செய்கிறது. அவசரக்காரர்களுக்கு இந்த முறை ஒத்துவராது.

ஒரு எச்சரிக்கை. பளிங்குக் கல்லும் அதே கால்சியம் கார்பனேட்தான். இதை யோசிக்காமல் பளிங்குத் திண்டில் வினிகர் தெளித்துவிட்டேன். பளபளப்பு போய், கை அகலத்துக்கு மங்கலாகிவிட்டது. அது அழுக்கு இல்லை, கல்லே அரித்துப்போனது. எதைப் போட்டுத் துடைத்தாலும் திரும்ப வராது, பாலிஷ்தான் போட வேண்டும். டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமெண்டும் அப்படித்தான். அங்கே முதலில் தண்ணீர் ஊற்றி நனைத்துவிட்டு, அமிலத்தைச் சில நிமிடங்களில் கழுவிவிடுவேன்.

எண்ணெய்ப் பிசுக்குக்குச் சலவை சோடாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. சமையல் சோடாவைவிடக் காரம் மிக அதிகம், அதனால் கையுறை கட்டாயம். அரை லிட்டர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி. சமையலறை மின்விசிறியின் பிளாஸ்டிக் இறக்கைகளைக் கழற்றி இதில் ஊறவைத்தால், பல மாதப் பிசுக்கு விரல் பட்டதும் வழுக்கிக்கொண்டு வருகிறது. அலுமினியத்தில் மட்டும் படவே கூடாது, கறுத்துவிடும். பல சிம்னி வலைகள் அலுமினியம் என்பதால் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தரை துடைக்கப் பூந்திக்கொட்டை. விதை நீக்கிய பத்துப் பன்னிரண்டு தோலை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் இருபது நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டுவேன். அதில் இருக்கும் சபோனின்தான் சோப்பு மாதிரி அழுக்கை எடுக்கிறது. நுரை குறைவாகத்தான் வரும். நுரை வந்தால்தான் சுத்தம் என்ற பழக்கம் போக எனக்கே ஆறு மாதம் ஆனது. கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். வெளியில் வைத்தால் சீக்கிரம் கெட்டு நாறும். ஒரு வாரத்துக்கு ஆவதை மட்டும் ஃபிரிட்ஜில் வைத்துக்கொண்டு, மீதியை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துவிடுகிறேன்.

அப்புறம் பயோ என்சைம், அதாவது பழத்தோலை வெல்லத் தண்ணீரில் புளிக்கவைத்து எடுக்கும் திரவம். வெல்லம் ஒரு பங்கு, எலுமிச்சை ஆரஞ்சுத் தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, மூன்று மாதம். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து காற்றை விட வேண்டும். கண்ணாடி பாட்டிலில் இறுக்கி மூடினால் வெடிக்கும் ஆபத்து உண்டு. வாசனை நன்றாக இருக்கிறது, சிங்க் துடைக்க உதவுகிறது. ஆனால் எல்லா அழுக்குக்கும் இதுவே போதும் என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போகவில்லை. இதுவும் அமிலம்தான், ஆகவே பளிங்கில் இதுவும் ஆகாது.

கிருமி விஷயத்தில் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். அன்றாட அழுக்குக்கு இவையெல்லாம் போதும். வீட்டில் ஒருவருக்கு வாந்தி பேதி வந்தபோது நான் வினிகரை நம்பவில்லை. கழிப்பறையைச் சோப்புப் போட்டுக் கழுவி, தண்ணீர் ஊற்றி அலசிவிட்டு, அப்புறம் பிளீச்சிங் கரைசல் போட்டேன். இயற்கை வழியை விட்டுவிட்டோமே என்ற உறுத்தல் எனக்கு இல்லை, நோயாளி இருக்கும் வீட்டில் பாதுகாப்புதான் முதலில். ஆனால் பிளீச்சோடு வினிகரோ சிட்ரிக் ஆசிட்டோ சேரவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். அதனால்தான் பிளீச்சை வேறு அலமாரியில், தனி வாளியோடு வைத்திருக்கிறேன். வீட்டில் கலக்கும் ஒவ்வொரு பாட்டிலிலும் உள்ளே என்ன, எந்தத் தேதியில் கலந்தது என்று ஒட்டிவிடுகிறேன். நிறமில்லாத திரவங்கள் எல்லாம் பார்க்க ஒன்று போலத்தான் இருக்கின்றன.