காப்பகமா, பட்டறையா?

கோவையில் இறுதியாண்டு இயந்திரவியல் மாணவர்கள் பலருக்கு இந்தக் குழப்பம்: தொழில் கற்கக் புதுத் தொழில் முயற்சிகளை வளர்த்துவிடும் கல்லூரியின் தொழில் காப்பகத்தில் (இன்குபேட்டர்) சேர்வதா, கணபதிப் பக்கம் பிற நிறுவனங்களுக்குக் கூலிக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் ஒரு ஜாப் ஒர்க் பட்டறையில் இரண்டு வருடம் உழைப்பதா?

செலவு: காப்பகத்தில் இடமும் ஆய்வகமும் சலுகையில் கிடைக்கும், வருமானம் கிடையாது. பட்டறையில் சம்பளம் சொற்பம், ஆனாலும் மாதாமாதம் வரும்.

விலை போடுதல்: இதில் பட்டறைக்கு இணையே இல்லை. பம்ப் ஷாஃப்ட் கடைய விலை கேட்டால், லேத் ஓடும் நிமிடம், தேயும் டூல், ரிஜெக்ட் ஆகும் உருப்படி, கரண்ட் பில் எல்லாவற்றையும் முதலாளி மனக்கணக்கிலேயே கூட்டிவிடுவார். சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டம் சொல்கிறது. அப்படியும் வராத பணத்துக்கு நடையாய் நடப்பது எப்படி என்பதை அங்கேதான் பார்க்க முடியும். காப்பகத்தில் இதெல்லாம் ஸ்லைடில் ஒரு வரி.

புதுமை: மின்வாகன மோட்டாருக்கு பிஸ்டனும் வேண்டாம், சைலன்சரும் வேண்டாம். பேட்டரி, கன்ட்ரோலர், சென்சார் என்று சோதித்துப் பார்க்கக் காப்பகமே வசதி. பிஸ்டன் மட்டுமே கடையும் பட்டறை என்றால் யோசித்துச் சேருங்கள்.

முதலீடு: புதிய தொழில்முனைவோருக்கான தமிழக அரசின் நீட்ஸ் (NEEDS) திட்டம் இரு தரப்புக்கும் பொது. திட்ட மதிப்பில் 25 சதவீத மானியம், அதிகபட்சம் 75 லட்சம்.

கையில் சோதிக்க வேண்டிய கருவி இருந்தால் காப்பகம். ஆசை மட்டும்தான் இருக்கிறது என்றால், தயங்காமல் பட்டறை.