மண்ணெண்ணெய் இயந்திரமா, சூரிய நீர்ப்பம்பியா?

வலிகாமத்துச் செம்மண்ணில் நான்கு பரப்புச் சின்ன வெங்காயத்துக்கு இறைக்க இருபது ஆண்டுகளாக மண்ணெண்ணெய் இயந்திரத்தையே நம்பியிருந்த நான், 2022இல் எரிபொருள் வரிசைகளில் காத்து நின்ற பின்னர் சூரிய ஒளியில் இயங்கும் நீர்ப்பம்பிக்கு மாறினேன். வாங்கும் விலையில் பழையதே மலிவு. சைக்கிள் கரியரில் கட்டி அடுத்த தோட்டத்துக்குக் கொண்டுபோகவும் அதுவே வசதி.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது புகைதான். ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் நிறை ஏறத்தாழ 800 கிராம். அது எரியும்போது அதிலுள்ள காபன் காற்றின் ஒட்சிசனோடு சேர்வதால், சுமார் 2.5 கிலோ காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. ஓர் இறைப்புக்கு இரண்டு லீற்றர் ஊற்றினால் 5 கிலோ. கோடிக்கணக்கான ஆண்டுகள் நிலத்தடியில் கிடந்த அந்தக் காபன், நூற்றாண்டுகள் காற்றில் தங்கி, தரையிலிருந்து எழும் வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. கைத்தொழிற் புரட்சிக்கு முன் பத்து இலட்சத்தில் 280 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. சூடேறும் கடல் விரிந்து உயர்கிறது. எங்கள் கிணற்று நன்னீரோ சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் துவாரங்களிலும் உவர்நீருக்கு மேலே தங்கியிருப்பது. கடல் உயர உயர உவரும் உள்ளே வரும் என்று அறிந்த பிறகு, கிணற்றுக் கட்டிலேயே இயந்திரத்தை வைத்து அந்தக் கிணற்றுக்குக் கேடான எண்ணெயை எரிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

மின் மோட்டரும் நல்ல மாற்றே, எனினும் அதற்கு வரும் மின்சாரத்தில் ஒரு பங்கு நுரைச்சோலையில் நிலக்கரியை எரித்துப் பெறப்படுவது. சூரியத் தகடு செய்யவும் எரிபொருள் செலவாகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கடன் சில ஆண்டுகளிலேயே தீர்ந்துவிடும்.

பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதும், கரிபடிந்த பிளக்கைக் கழற்றித் துடைப்பதும் இப்போது இல்லை. தகட்டில் படியும் செம்புழுதியை இரண்டு வாரத்துக்கொரு முறை ஒரு வாளி தண்ணீரால் கழுவுகிறேன். முகில் மூடினால் வாய்க்காலில் நீர் மெலிந்து, பாத்திக்குப் பாத்தி மாற நேரமெடுக்கும். மாரியில் மழையே பயிரை நனைத்துவிடுவதால் அது பெரிய குறையாகத் தெரியவில்லை. கட்டுப்பாட்டுப் பெட்டி எத்தனை ஆண்டு தாங்கும் என்று என் குறுகிய அனுபவத்தை வைத்து உறுதிகூற முடியாது. எண்ணெய்ச் செலவு இல்லையென்று நாள் முழுதும் இறைத்தாலும் உவர் ஏறும் என்பதால், காலை மூன்று மணி நேரத்தோடு பம்பியை நிறுத்திவிடுகிறேன்.