கிரெடிட் ஷெல்: என் பணத்துக்கு ஏன் கெடு?

சென்னைக்கும் டெல்லிக்கும் இடையே பல ஆண்டுகளாக ஒரே விமான நிறுவனத்தில்தான் பயணம் செய்து வருகிறேன். நேரம் தவறாமையிலும் பணியாளர்களின் நடத்தையிலும் குறைசொல்ல அதிகமில்லை. உறுப்பினர் திட்டத்தில் மேல்நிலையை எட்டியிருப்பதால் முன்வரிசை இருக்கையும் கூடுதல் எடைக்கு அனுமதியும் கிடைக்கின்றன. என் மனக்குறை முழுவதும், பயணத்தை ரத்து செய்யும்போது பணம் வங்கிக்குத் திரும்பாமல் ‘கிரெடிட் ஷெல்’ என்ற பெயரில், அடுத்த சீட்டு வாங்க மட்டுமே உதவும் இருப்பாக அவர்களிடமே தங்கிவிடுவதைப் பற்றியது.

செயலியில் ரத்து செய்ய முற்பட்டால் கிரெடிட் ஷெல் முன்கூட்டியே தேர்வாகியிருக்கிறது. வங்கிக் கணக்குக்குத் திருப்பும் வழியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பணத்தைக் கிரெடிட் ஷெல்லில் வைப்பது பயணியின் விருப்புரிமை, அதை நிறுவனம் தன் இயல்பான நடைமுறையாக்கக் கூடாது என்று விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் விதி தெளிவாகவே சொல்கிறது. ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கூடுதல் கட்டணத்தையும் சேர்த்த தொகையைத் தாண்டலாகாது என்பதும் அதே விதிகளில் உண்டு.

கிரெடிட் ஷெல்லில் உள்ள தொகையை ஓராண்டுக்குள் செலவழித்துவிட வேண்டும். சீட்டில் பெயர் உள்ளவரைத் தவிர வேறெவரும் அதைப் பயன்படுத்த இயலாது. தந்தையின் அறுவை சிகிச்சையை ஒட்டி என் பயணங்கள் நின்றுபோன காலத்தில் ஒரு கணிசமான தொகை இவ்வாறு காலாவதியானது. கெடுவை நீட்டிக்குமாறு கேட்டபோது, கணினியில் அதற்கு வழியில்லை என்றனர். பின்னர் நல்லெண்ண அடையாளமாகச் சில வெகுமதிப் புள்ளிகளை வரவு வைத்தனர். அப்புள்ளிகளுக்கும் காலாவதித் தேதி உண்டு என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

2020 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். ஊரடங்குக்கு முன் பதிவான சீட்டுகளுக்கு 15 நாள்களில் பணம் திருப்ப வேண்டும் என்றும், நிதி நெருக்கடியால் இயலாத நிறுவனங்கள் 2021 மார்ச் 31 வரை செல்லுபடியாகும் கிரெடிட் ஷெல் தரலாம் என்றும் அது கூறியது. அதன் மதிப்பு 2020 ஜூன் 30 வரை மாதத்துக்கு 0.5 சதவீதமும், அதன்பின் 0.75 சதவீதமும் கூட வேண்டும். பயணி அதைப் பிறருக்கு மாற்றித் தரலாம். கெடுவுக்குள் பயன்படாத தொகையை ரொக்கமாகவே திருப்ப வேண்டும். விமானங்களே பறக்காத நாள்களில்கூடப் பயணியின் பணம் பயணியின் பணமாகவே மதிக்கப்பட்டது. நிறுவனங்கள் செழிப்பாக இருக்கும்போது மட்டும், நாள் செல்லச் செல்ல அது அவர்களுடையதாகிவிடுகிறது.

இப்போது ரத்து செய்யும் ஒவ்வொரு முறையும் வங்கிக் கணக்கையே தேர்ந்தெடுக்கிறேன். கட்டணமும் நேரமும் ஒத்துவரும் வேறு நிறுவனங்களிலும் பதிவு செய்கிறேன். மேல்நிலைத் தகுதியைத் தக்கவைக்க இன்னும் சில பயணங்களே மீதமுள்ளன என்று மின்னஞ்சல்கள் வந்துகொண்டிருக்கின்றன. அந்தத் தகுதிக்காகக் கூடுதலாக ஒரு சீட்டும் வாங்கப்போவதில்லை.