ஸ்பீடு போஸ்ட் ட்ராக்கிங் ரிவ்யூ: ஸ்டேட்டஸ் மாறலன்னா பார்சல் தொலஞ்சு போச்சுன்னு அர்த்தம் இல்ல

எங்க ஊரு கோவில்பட்டி பக்கத்துல ஒரு கிராமம். ஆன்லைன்ல என்ன ஆர்டர் போட்டாலும் அதை யாரு கொண்டு வரப் போறாங்கன்றதத்தான் நான் முதல்ல பாப்பேன், விலையெல்லாம் அதுக்கப்புறம்தான். அம்மாவுக்கு சேலை, மெட்ராஸ்ல இருந்து புஸ்தகம், மிக்ஸி ஜாருக்கு பிளேடு, காய்கறி விதைன்னு வருஷம் பூரா ஏதாச்சும் வந்துக்கிட்டேதான் இருக்கும், முடிஞ்ச வரைக்கும் கடைக்காரங்ககிட்ட சொல்லி ஸ்பீடு போஸ்ட்லயே போடச் சொல்லிருவேன். அதனால இந்த ரிவ்யூ ஸ்பீடு போஸ்டுக்குத்தான், அதுலயும் முக்கியமா அதோட ட்ராக்கிங்குக்கு. ஏன்னா எங்க சொந்தக்காரங்கள்ல பாதிப் பேரு "ரெண்டு நாளா ஒண்ணுமே மாறல, பார்சல் போயிருச்சு போல"ன்னு எனக்குத்தான் போன் போடுறாங்க, எடுத்துப் பாத்தா அது ஒழுங்கா வந்துக்கிட்டு இருக்கும்.

முதல்ல நம்பர். ஸ்பீடு போஸ்ட் நம்பர் மொத்தம் 13 எழுத்து, முன்னாடி ரெண்டு இங்கிலீஷ் எழுத்து, நடுவுல 9 நம்பர், கடைசில ஐ.என். முதல் எழுத்து ஈ-ன்னு இருந்தா அது ஸ்பீடு போஸ்ட். இது உலகம் பூரா போஸ்ட் ஆபீசுக்கு ஒரே முறைதான், சிங்கப்பூர்ல இருந்து அக்கா அனுப்புனா கடைசில எஸ்.ஜி-ன்னு இருக்கும், அதே நம்பர அங்க உள்ள சைட்லயும் போட்டுப் பாக்கலாம் நம்ம சைட்லயும் போட்டுப் பாக்கலாம். நடுவுல இருக்க 9 நம்பர்ல கடைசி நம்பர் மட்டும் சும்மா வர்றதில்ல, முன்னாடி உள்ள எட்டையும் வச்சுக் கணக்குப் போட்டு வர்ற சரிபார்ப்பு நம்பர், அதனால ஒரு நம்பர் தப்பா அடிச்சா அந்தக் கணக்கு சேராது. கடைக்காரர் வாட்ஸ்அப்ல கையால டைப் பண்ணி அனுப்புனாருன்னா, முதல்ல ரசீத போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க.

நம்பர் போட்டும் விவரமே வரலன்னா பெரும்பாலும் கடைக்காரர் இன்னும் போஸ்ட் ஆபீஸ்ல குடுக்கலன்னு அர்த்தம். "புக்டு"ன்ற வரி பார்சல் கவுண்டர்ல கை மாறி, எடை போட்டு, காசு கட்டுனதுக்கு அப்புறம்தான் வரும். எனக்கு இதுதான் பெரிய விஷயமாப் படுது. ஏன்னா ஒரு ஆன்லைன் கடை, பேர் வேணாம், ஆர்டர் போட்ட அன்னைக்கே "ஷிப் பண்ணிட்டோம்"னு மெசேஜும் ஒரு கூரியர் நம்பரும் அனுப்பிட்டாங்க, உள்ள போய்ப் பாத்தா "லேபிள் ரெடி"ன்னு மட்டும் இருக்கு, அந்த வாரம் பூரா அதே வரிதான். பார்சல் அவங்க குடோன்லயேதான் கெடந்திருக்கு. லேபிள் அடிக்கிறது ஒண்ணு, பார்சல் கைமாறுறது வேற ஒண்ணு, வாங்குறவங்க ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சு ஏமாந்து போறோம்.

அடுத்து எல்லாரும் பயப்படுற இடம். புக் ஆகி, "பேக்ல போட்டாச்சு", "டிஸ்பாட்ச்டு"ன்னு வந்துரும், அதுக்கப்புறம் ஒரு நாள், சில நேரம் ரெண்டு நாள் கூட சத்தமே இருக்காது. என்ன நடக்குதுன்னா, சென்னைல சார்ட்டிங் பண்ற இடத்துல நம்ம பக்கம் போற பார்சல எல்லாம் ஒரு பையில போட்டு வாயக் கட்டி சீல் வச்சு, பைக்குன்னு தனியா ஒரு பார்கோடு லேபிள் மாட்டிருவாங்க. அதுக்கப்புறம் ரயில்ல ஏறினாலும் லாரில ஏறினாலும் கைமாறும்போது பையத்தான் ஸ்கேன் பண்ணுவாங்க, உள்ள இருக்க உங்க சேலை பார்சல யாரும் வெளிய எடுக்கமாட்டாங்க. அந்தப் பை போய்ச் சேர வேண்டிய ஹப்ல, அதாவது நம்ம பக்கத்து சார்ட்டிங் ஆபீஸ்ல, பிரிச்சு ஒவ்வொண்ணா மறுபடி ஸ்கேன் ஆகும்போதுதான் "ரிசீவ்டு"ன்னு உங்க நம்பர்ல அடுத்த வரி விழும். பஸ் டிக்கெட்ல ஏறுற ஊரும் எறங்குற ஊரும் மட்டும் தெரியுற மாதிரி. அதனால டிஸ்பாட்ச்டுன்னு வந்து அடுத்த நாள் மாறலன்னா கவலையே படாதீங்க. மூணு நாலு நாள் தாண்டியும் அப்டியே நின்னா அப்பக் கேக்கலாம்.

வெள்ளம், புயல், தீபாவளி எல்லாம் ட்ராக்கிங்ல எழுதி வராது, நாமதான் சேத்துப் பாக்கணும். 2023 டிசம்பர்ல முதல் வாரம் மிக்ஜாம் புயல்ல சென்னை ஏர்போர்ட்டே மூடிக் கெடந்துச்சு, அது முடிஞ்சு ரெண்டு வாரத்துல 17, 18 தேதில எங்க தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கம் வெள்ளம், ஸ்ரீவைகுண்டத்துல செந்தூர் எக்ஸ்பிரஸ் ஆளுகளோட மாட்டி நின்னுச்சு. மனுசங்களே வர முடியாத அப்ப பார்சல் எப்டி வரும். அந்த மாதிரி நேரத்துல கடைசியா எந்த ஊர்ல ஸ்கேன் ஆச்சுன்னு பாத்துட்டு, அந்த ஊரு செய்தியப் பாத்தாலே பதில் கெடச்சிரும்.

இன்னொரு தாமதம் பின்கோடு. முதல் நம்பர் 6-ன்னா தமிழ்நாடு, கேரளா, புதுச்சேரி பக்கம், முதல் மூணு நம்பரும் சேந்து எந்த மாவட்டத்துப் பையில விழணும்னு முடிவு பண்ணும். எங்களுக்கு 628, விருதுநகருக்கு 626. விக்கிறவங்க ஸ்கெட்ச் பேனால எழுதும்போது எட்டோட மேல் சுழி சரியா மூடலன்னா அது ஆறாட்டம் தெரியும், பார்சல் நேரா விருதுநகர் பக்கம் போயிரும், அங்க பாத்துட்டுத் திருப்பி விடணும், அதுலயே நாள் போகும். ட்ராக்கிங்ல சம்பந்தமே இல்லாத ஊர் பேரு வந்தா பெரும்பாலும் இதான். 1972 ஆகஸ்ட் 15ல வந்த ஆறு நம்பர், இன்னும் நம்ம பார்சலோட தலையெழுத்து அதுலதான் இருக்கு, அதனால விலாசம் அடிக்கும்போது அத மட்டும் ரெண்டு வாட்டி பாருங்க.

கடைசி கட்டம் டெலிவரி. இங்கதான் ஸ்பீடு போஸ்ட் எனக்குப் பிடிச்சுப் போச்சு. எங்க ஊர்ல இருக்கறது கிளை போஸ்ட் ஆபீஸ், நாளைக்கு நாலஞ்சு மணி நேரம்தான் தெறந்திருக்கும், பெரிய ஆபீஸ்ல இருந்து பை ஒரு வாட்டி வரும், அதப் பிரிச்சுத்தான் போஸ்ட்மேன் அண்ணன் கெளம்புவாரு. கோவில்பட்டிக்கு வந்துருச்சுன்னு ட்ராக்கிங்ல பாத்த உடனே மத்தியானமே வாசல்ல வந்து நிக்கும்னு எதிர்பாக்கக் கூடாது, கிராமத்துக்கு அடுத்த நாள்னு வச்சுக்கங்க. ஆனா வந்துரும். எங்க வீட்ல ஆள் இல்லன்னா யாரு தோட்டத்துல இருப்போம்னு அவருக்குத் தெரியும். மொபைல்ல பார்கோட ஸ்கேன் பண்ணி, கண்ணாடில வெரலால கையெழுத்துப் போடச் சொல்லுவாரு, தோட்ட மண்ணு ஒட்டுன வெரலுக்கு கோடு ஒழுங்கா விழாது, அம்மா சேலைல தொடச்சுட்டு மறுபடி போடுவாங்க. அவரு வாசல் தாண்டுறதுக்குள்ள "டெலிவர்டு"ன்னு வந்திருக்கும்.

இதையே ஒரு தனியார் கூரியர்ல வாங்கி நான் பட்ட பாட்டச் சொல்லணும். நாங்க எல்லாரும் வீட்லதான் இருக்கோம், திண்ணைல உக்காந்து கடலை உரிச்சுக்கிட்டு இருக்கோம், போன்ல "கஸ்டமர் வீட்ல இல்ல"ன்னு மெசேஜ் வருது. வண்டியும் வரல, போனும் வரல. மறுநாளும் அதே. நேரா அவங்க ஆபீசுக்கே போய்க் கேட்டேன், அங்க இருந்த தம்பி உண்மையச் சொன்னாப்ல, "அண்ணே உங்க பக்கம் நாலஞ்சு பார்சல் சேந்தாத்தான் வண்டி விடுவாங்க, ஆனா சாயங்காலத்துக்குள்ள ஏதாச்சும் ஒரு காரணம் அடிச்சே ஆகணும்". பாவம் அந்தத் தம்பி மேல எனக்குக் கோவம் இல்ல, ஒரு பார்சலுக்கு இவ்ளோன்னு காசு, பெட்ரோல் அவரு கைக்காசு. ஆனா திரையில வர்ற வரி பொய்யா இருந்தா ட்ராக்கிங்னு ஒண்ணு எதுக்கு? இந்த மாதிரி மெசேஜ் வந்தா அன்னைக்கே கடைக்காரங்களுக்கு எழுதிருங்க, கூரியருக்கு கஸ்டமர் அவங்கதான், நம்ம இல்ல. ரெண்டு மூணு வாட்டி அப்டியே விட்டா பார்சல் திரும்பிப் போயிரும், அப்புறம் காச வாங்க அலையணும்.

ஸ்பீடு போஸ்ட் 1986 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச சர்வீஸ். மேப்ல வண்டி நகர்றதெல்லாம் காட்டாது, எத்தன மணிக்கு வரும்னும் சொல்லாது. வேலைக்குப் போறவங்களுக்கு அது கஷ்டம்தான், அதுக்காகத்தான் ஒரு ஸ்டார் கொறைக்கிறேன், 5க்கு 4. ஆனா அதுல இருக்க ஒவ்வொரு வரியும் யாரோ ஒருத்தர் கையில பார்சலையோ பையையோ வச்சு ஸ்கேன் பண்ணதுன்னு நம்பி, அந்த நம்பிக்கைலதான் நான் வேலையத் திட்டம் போடுறேன்.

வெல கூடுன பொருள் வாங்குறவங்க மட்டும் ஒண்ணு தெரிஞ்சு வச்சுக்கங்க. சொன்ன காலக்கெடு தாண்டி லேட்டானா கட்டுன ஸ்பீடு போஸ்ட் காசு மட்டும்தான் நஷ்ட ஈடு, தொலஞ்சாலோ ஒடஞ்சாலோ கட்டுன காசுல ரெண்டு மடங்கு இல்லன்னா 1000 ரூபா, ரெண்டுல எது கம்மியோ அது. பட்டுச் சேலை, போனுன்னா இது காணவே காணாது, தனியா இன்சூரன்ஸ் போட்டு அனுப்பச் சொல்லுங்க, கூட ஆகுற காச நீங்களே தர்றேன்னு சொல்லிருங்க. கம்ப்ளைன்ட் பண்றதா இருந்தா சைட்லயும் பண்ணலாம், 1800 266 6868க்கும் போன் போடலாம், நம்பர், புக் பண்ண தேதி, எந்த ஆபீஸ்ல புக் பண்ணாங்கன்ற மூணையும் கேப்பாங்க, மூணும் அந்த ரசீதுலயே இருக்கும்.