நான் இன்ஸ்டால் செய்யாதது என் ஃபோனில் ஏன் ஓடுகிறது: பல வருட ஆண்ட்ராய்டு அனுபவம்

பேட்டரி லிஸ்ட்டில் நாம் இன்ஸ்டால் செய்யாத பெயர் ஒன்று மேலே வந்து நின்றால், முதலில் மனதில் ஓடுவது வைரஸ் என்ற எண்ணம்தான். எங்கள் வீட்டில் எல்லோரும் ஆண்ட்ராய்டு, விலை குறைந்ததும் நடுத்தர விலையும் கலந்து இருக்கும். யாருடைய ஃபோன் சூடானாலும், சார்ஜ் சீக்கிரம் இறங்கினாலும் அது என் கைக்கு வந்துவிடும். இப்படிப் பல வருடம் பார்த்ததில் எனக்கு உறுதியாகப் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். புரியாத பெயரில் ஓடுபவற்றில் பெரும்பாலானவை நாம் தினம் பயன்படுத்தும் ஏதோ ஒன்றுக்காக ஓடுகின்றன. பணத்தைத் திருடும் ஆப்கள் நமக்கு நன்றாகப் புரிகிற பெயரில்தான் வருகின்றன. நம் ஆட்களின் பயம் முழுக்கத் தப்பான பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அதிகம் பேர் கேட்பது கூகுள் பிளே சர்வீசஸ் பற்றி. 2012இல் வந்தது. வாட்ஸ்அப், மெயில், பேங்க் ஆப் என ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தன் சர்வரோடு இணைப்பைத் திறந்து வைத்திருந்தால் பேட்டரி மதியமே காலியாகிவிடும், அதனால் பிளே சர்வீசஸ் ஒரே ஒரு இணைப்பை வைத்துக்கொண்டு எல்லாருக்கும் வரும் நோட்டிஃபிகேஷனை வாங்கி அந்தந்த ஆப்புக்குக் கொடுக்கிறது. ஜிபிஎஸ், வைஃபை, டவர் மூன்றையும் கலந்து இடம் கண்டுபிடித்துச் சொல்வதும் இதுதான். ஆக, வேறு ஆப்கள் கேட்ட வேலைக்கான செலவும் இதன் கணக்கில் விழுகிறது. வழக்கமாகக் கீழே கிடக்கும் இது திடீரென்று மேலே ஏறினால், செட்டிங்ஸில் லொகேஷன் பகுதிக்குப் போய் சமீபத்தில் யார் இடம் கேட்டார்கள் என்று பாருங்கள். எனக்கு ஒரு தடவை அது ஒரு வானிலை ஆப்பாக இருந்தது. இன்னொரு தடவை, பாஸ்வேர்டு மாற்றிய பிறகு சிங்க் ஆக முடியாமல் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருந்த பழைய மெயில் கணக்கு. கணக்கை எடுத்துவிட்டு மறுபடி சேர்த்ததும் அடங்கிவிட்டது.

ஃபோன் அப்டேட் ஆன பிறகு ஒன்றிரண்டு நாள் சூடாக இருப்பதற்குக் காரணம் அநேகமாக டெக்ஸ்டூஓட். ஆப்களின் புரோகிராம் வரிகளை உங்கள் ஃபோனின் சிப்புக்கு ஏற்றபடி முன்கூட்டியே மாற்றி வைக்கும் வேலை அது. ஆண்ட்ராய்டு 7 முதல் இதில் பெரும்பகுதியை, ஃபோன் சார்ஜில் சும்மா கிடக்கும் நேரமாகப் பார்த்துச் செய்துகொள்கிறது. ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டால் தானே முடித்துக்கொள்ளும், விட்டுவிடலாம்.

கேஸ்வாப்டி0 வேறு ரகம். சாதாரண பேட்டரி லிஸ்ட்டில் தெரியாது, கணினியில் இருந்து ஃபோனுக்குக் கட்டளை கொடுக்க உதவும் ஏடிபி என்ற கருவி வழியாக ஃபோனை இணைத்து, ஓடுபவற்றைப் பட்டியலிடும் டாப் கமாண்ட் கொடுத்தால் தெரியும். ரேம் பற்றாமல் போகும்போது, அப்போதைக்குத் தேவைப்படாத ரேம் துண்டுகளைச் சுருக்கி ஓரமாக வைத்து இடம் உண்டாக்கும் கர்னல் த்ரெட் இது, அதாவது ஆண்ட்ராய்டின் அடித்தளமான கர்னலே ஓட்டும் வேலை. 3 ஜிபி ரேம் உள்ள பழைய ஃபோனில் பிரவுசர், வாட்ஸ்அப், கேமரா என்று மாறி மாறிப் போனால் சிபியுவில் பெரும்பங்கை இது எடுத்துக்கொள்வதைப் பார்க்கலாம், ஃபோன் திக்குவதும் சரியாக அந்த நேரத்தில்தான். இணையத்தில் இந்தப் பெயரைத் தேடினால் கிரிப்டோ மைனர் (நம் கருவியின் சக்தியைத் திருடி யாரோ டிஜிட்டல் காசு சம்பாதிக்கும் புரோகிராம்) என்று பயமுறுத்தும் பதில்கள் வரும். அந்தக் கதை உண்மைதான், ஆனால் அது லினக்ஸ் சர்வர்களில் நடந்தது, அங்கே ஊடுருவிய மைனர்கள் இதே பெயரைப் போட்டுக்கொண்டு ஒளிந்திருந்தன. ரூட் செய்யாத, அதாவது முழு சிஸ்டம் அதிகாரத்தைத் திறந்துவிடாத ஃபோனில், புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) பட்டியலில் சதுர அடைப்புக்குறிக்குள் காட்டப்படும் கேஸ்வாப்டி0 நிஜமான கர்னல் த்ரெட்தான். அது அதிகம் ஓடுகிறது என்றால் ரேம் போதவில்லை என்று ஃபோன் சொல்கிறது, அவ்வளவுதான்.

நான் அதிக நேரம் செலவழித்தது மீடியா ஸ்டோரேஜ் விஷயத்தில். அம்மாவின் ஃபோன் சும்மா இருக்கும்போதே சூடாகும், சாயங்காலத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடும். பேட்டரி லிஸ்ட்டில் மீடியா ஸ்டோரேஜ் மேலே நின்றது. ஃபோனில் இருக்கும் படம், பாட்டு, வீடியோ எல்லாவற்றுக்கும் ஒரு அட்டவணை போட்டு வைத்திருப்பது இதன் வேலை; கேலரியைத் திறந்த உடனே படங்கள் வரிசையாக வருவது அந்த அட்டவணை இருப்பதால்தான். நிறைய ஃபைல்களை ஒரேயடியாகக் காப்பி செய்தால் கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம் நின்றுவிட வேண்டும். இங்கே நிற்கவே இல்லை. கேஷ் அழித்துப் பார்த்தோம், ரீஸ்டார்ட் செய்தோம், ஒரு நாள் சரியாக இருக்கும், மறுநாள் பழையபடி. கடைசியில் மெமரி கார்டைக் கழற்றி வைத்ததும் சூடு நின்றது. கார்டு பழையது, சில ஃபைல்கள் படிக்க முடியாமல் கெட்டுப்போயிருந்தன, ஸ்கேன் அந்த இடத்தில் முட்டி மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்துக்கொண்டிருந்தது போலிருக்கிறது. வேண்டிய படங்களைக் கணினியில் எடுத்துக்கொண்டு கார்டை மாற்றினோம், அதோடு முடிந்தது. இதைக் கடையில் கொடுத்திருந்தால் சாஃப்ட்வேர் அடிக்கணும் என்று சொல்லி எல்லாப் படத்தையும் அழித்துக் கொடுத்திருப்பார்கள். புராசஸின் பெயரைப் பார்த்து மிரளாமல், இது எதற்காக இருக்கிறது, இப்போது எது இதை எழுப்புகிறது என்று கேட்பதில் எவ்வளவு மிச்சமாகிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் முழுசாகத் தெரிந்தது.

பெயரைப் பார்த்து நீக்குவதில் வரும் ஆபத்துக்கு ஐஎம்எஸ் நல்ல உதாரணம். குவால்காம் சிப் உள்ள பல ஃபோன்களில் இது ஓஆர்ஜி.கோட்அரோரா.ஐஎம்எஸ் என்ற பேக்கேஜ் பெயரில், அதாவது ஆப்பின் உள்பெயரில், இருக்கும். கோட் அரோரா என்று யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள், பார்த்தால் யாரோ உள்ளே நுழைத்தது போலத் தோன்றும். குவால்காமின் ஓப்பன் சோர்ஸ் கோடு வைக்கப்பட்டிருந்த அமைப்பின் பெயர் அது. ஐஎம்எஸ் என்பது வோல்டிஇ அழைப்பை, அதாவது 4ஜி நெட்வொர்க் வழியாகவே போகும் ஃபோன் காலை, நடத்தும் பகுதி. 2016இல் தொடங்கிய ஜியோவுக்கு 2ஜியும் கிடையாது, 3ஜியும் கிடையாது, சாதாரண ஃபோன் கால் பெரும்பாலும் வோல்டிஇ வழியாகத்தான் போகும். சொந்தக்காரப் பையன் ஒருவன் வீடியோ பார்த்து ஏடிபி போட்டு தேவையில்லாதது என்று ஒரு டஜன் பேக்கேஜை நீக்கிவிட்டு, நெட் வருது கால் மட்டும் வரலை என்று வந்து நின்றான். நல்லவேளை, ஏடிபியில் அப்படி நீக்குவது நம் யூசர் கணக்கில் இருந்து மட்டும்தான், மூல ஃபைல் சிஸ்டம் பகுதியில் அப்படியே இருக்கும், அதனால் ஒரு கமாண்டில் திருப்பிக் கொண்டுவர முடிந்தது. வேறு சிலவற்றை நீக்கினால் ஃபோன் பூட் ஆகாமல் லோகோவிலேயே நின்றுவிடும், அப்போது ஃபேக்டரி ரீசெட் தவிர வழியில்லை.

திரையில் திடீரென்று கிரிக்கெட் ஸ்கோர், ஜோசியம், ஓகே கேன்சல் என்று பெட்டி வந்தால் அதுவும் வைரஸ் இல்லை. அது சிம் டூல்கிட், சிம் கார்டுக்குள் இருந்தே வருவது. ஆப் லிஸ்ட்டில் அதைத் திறந்து உள்ளே இருக்கும் சேவையை நிறுத்திவிடுங்கள். ஓகே மட்டும் தட்டிவிடாதீர்கள், பணம் பிடிக்கும் சேவை ஆரம்பித்துவிடலாம்.

ஆண்ட்ராய்டு சிஸ்டம் சேஃப்டிகோர் என்று ஒன்று 2024 கடைசியில் இருந்து ஆண்ட்ராய்டு 9 மற்றும் அதற்கு மேலுள்ள ஃபோன்களுக்கு வந்தது. ஐகான் கிடையாது, கேட்காமலே இறங்கியது, 2025 தொடக்கத்தில் பல பேர் கவனித்துக் கேள்வி கேட்டார்கள், கேட்டது நியாயம்தான். கூகுள் மெசேஜஸில் வரும் ஆபாசப் படங்களை ஃபோனுக்குள்ளேயே அடையாளம் கண்டு மங்கலாக்கிக் காட்ட உதவுவது இதன் வேலை. தனியுரிமைக்காகவே ஆண்ட்ராய்டை மாற்றி உருவாக்குகிற, அந்த விஷயத்தில் யாருக்கும் சலுகை கொடுக்காத கிராஃபீன்ஓஎஸ் குழுவே, இது கூகுளுக்கோ வேறு யாருக்கோ புகார் அனுப்பும் ஸ்கேன் இல்லை என்று சொன்னது. வேண்டாதவர்கள் அன்இன்ஸ்டால் செய்யலாம், ஃபோனுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் வெப்வியூவை அப்படி எடுத்துவிடக் கூடாது. ஆப்களுக்குள் வெப் பக்கம் காட்டுவது அதுதான், 2021 மார்ச்சில் அதன் ஒரு அப்டேட் கெட்டுப்போனதில் உலகம் முழுக்க ஜிமெயில் உட்படப் பல ஆப்கள் திறந்ததும் மூடிக்கொண்டன. ஒரு சின்னப் பெயருக்குப் பின்னால் எத்தனை ஆப்கள் நிற்கின்றன என்று அன்றைக்குப் பல பேருக்குத் தெரிந்தது.

ரேம் பூஸ்டர், டாஸ்க் கில்லர் வகையறாவை வைத்திருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு 7 முதல் ஒரு ஆப்பால் மற்ற ஆப்களின் புராசஸைப் பார்க்கவே முடியாது, லினக்ஸ் அளவிலேயே மறைத்துவிட்டார்கள். அப்படியும் ஏதோ மூடுகிறது என்றால், மூடியதை ஆண்ட்ராய்டு மறுபடி திறக்கும், திறக்கிற செலவு உங்கள் பேட்டரிக்கு.

சரி, பயப்பட வேண்டியது எதைப் பார்த்து? சித்தப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் போக்குவரத்து அபராதம் என்று ஒரு ஏபிகே ஃபைல், அதாவது தட்டினால் ஆப்பை இன்ஸ்டால் செய்யும் ஃபைல், வந்தது. "ஏம்ப்பா, என் வண்டி நம்பரே போட்டிருக்கு, திறந்து பார்க்கவா?" என்று ஃபோன் செய்து கேட்டார். கேட்டது எவ்வளவு நல்லதாகப் போயிற்று. கல்யாணப் பத்திரிகை, பேங்க் கேஒய்சி என்று எல்லாப் பெயரிலும் இது வருகிறது. இன்ஸ்டால் ஆனதும் எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி கேட்கும், ஓடிபி அதன் வழியாகப் போய்விடும். சில ஆப்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு உதவுவதற்காக உள்ள ஆக்சஸிபிலிட்டி அனுமதியும் கேட்கும். அந்த ஆக்சஸிபிலிட்டிதான் இருப்பதிலேயே ஆபத்து, திரையில் தெரிவதைப் படிக்கவும், உங்கள் விரலுக்குப் பதில் தானே தட்டவும் அதில் முடியும். சிஸ்டம் பெயரில் ஒளிந்துகொள்வதும் உண்டு. 2021இல் ஜிம்பீரியம் என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்த ஒரு உளவு ஆப்பின் பெயரே சிஸ்டம் அப்டேட். அப்டேட் தேடுவதாக நோட்டிஃபிகேஷன் காட்டிக்கொண்டே தகவலை அனுப்பிக்கொண்டிருந்தது. பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து வந்தது அது.

அதனால் சந்தேகம் வந்தால் நான் பெயரைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டிக்குப் போய், டவுன்லோடு செய்த ஆப்களில் எதற்கு அனுமதி ஆனாகி இருக்கிறது என்று பார்ப்பது முதல் வேலை, அங்கே தெரியாதது இருந்தால் அதுதான் விஷயம். அப்புறம் டிவைஸ் அட்மின் (ஃபோனையே நிர்வகிக்க விடும் அனுமதி), நோட்டிஃபிகேஷன் படிக்கும் அனுமதி, மற்ற ஆப்களின் மேல் காட்டும் அனுமதி. பிறகு அந்த ஆப்பின் இன்ஃபோ பக்கத்தின் அடியில் எங்கிருந்து இன்ஸ்டால் ஆனது என்று இருக்கும். பிளே ஸ்டோரும் இல்லாமல் ஃபோனோடு வந்ததும் இல்லாமல் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், எடுத்துவிடுங்கள். பேக்கேஜ் பெயர் காம்.ஆண்ட்ராய்டு என்று ஆரம்பிப்பதை மட்டும் வைத்து நம்பாதீர்கள், யாரும் அப்படி வைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே இருக்கும் சிஸ்டம் ஆப்பின் இடத்தில் வேறொருவர் தன்னுடையதை வைக்க மட்டும் முடியாது, டிஜிட்டல் கையெழுத்து ஒத்துப்போகாவிட்டால் ஆண்ட்ராய்டு இன்ஸ்டால் செய்ய விடாது. அன்இன்ஸ்டால் பட்டன் மங்கிக் கிடந்தால் டிவைஸ் அட்மின் அனுமதியை எடுத்துவிட்டு முயலுங்கள். அப்போதும் அடம்பிடித்தால் சேஃப் மோடில் போங்கள், அங்கே நாம் போட்ட ஆப்கள் ஓடாது.

ஃபோன் தயாரிக்கிற கம்பெனிகள் மேல் எனக்குக் கோபம் உண்டு. விளம்பரம் காட்டுவதற்காகவே சிஸ்டம் ஆப் என்ற பெயரில் வைத்து, அன்இன்ஸ்டால் கொடுக்காமல் டிசேபிள் மட்டும் கொடுத்து, சிலதற்கு அதுவும் கொடுக்காமல் விற்கிறார்கள். நாம் காசு கொடுத்து வாங்கிய ஃபோன். இது என்ன வேலை செய்கிறது, நிறுத்தினால் எது நிற்கும் என்று ஆப் இன்ஃபோ பக்கத்தில் இரண்டு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்? அம்மா மாதிரி ஆட்களும் படித்துப் புரிந்துகொள்வார்கள். விளம்பர ரகத்தை மட்டும் நான் டிசேபிள் செய்கிறேன், ஒன்று செய்துவிட்டு இரண்டு நாள் கால், மெசேஜ், கேமரா எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து அப்புறம் அடுத்தது. தொடாமல் விடுவதுதான் அதிகம்.

எல்லாவற்றையும் நேரில் பார்க்க விரும்பினால் அபவுட் ஃபோனில் பில்டு நம்பரை ஏழு தடவை தட்டி டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறந்து ரன்னிங் சர்வீசஸ் பாருங்கள், எது எவ்வளவு ரேம் வைத்திருக்கிறது என்று வரிசையாக இருக்கும். பார்த்து முடித்ததும், ஏடிபிக்காக யுஎஸ்பி டிபக்கிங்கை ஆன் செய்திருந்தால் அதையும் டெவலப்பர் ஆப்ஷன்ஸையும் அணைத்துவிடுங்கள், அது ஆனில் இருந்தால் திறக்க மறுக்கும் பேங்க் ஆப்கள் இருக்கின்றன.